தங்கையின் ரிசப்ஷனுக்கு நான் ஆடிய குர்து ஆட்டம்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஏப்ரல் மாதம். ஈராக்கின் வடக்கே குர்து மக்கள் வாழும் மலைப்பகுதியில் நடந்தது இது.

கும்மிடிப்பூண்டியில் மெஷின் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் நான் ஃபிட்டர். ஈராக்கின் அந்தப் பகுதியிலிருந்த தொழிற்சாலை ஒன்றில் எங்கள் மெஷினை மாட்டிக் கொடுக்க என்னையும் சீனியர் ஒருவரையும் அனுப்பியிருந்தார்கள். இரண்டு வார வேலைதான். ஆனால் முக்கியமான ஒரு பாகம் துறைமுகத்திலேயே மாட்டிக்கொள்ள, வேலை இழுத்துவிட்டது. அதற்குள் பெரியபாளையத்தில் என் ஒரே தங்கைக்குக் கல்யாண நாள் வந்துவிட்டது. அவள் கையில் பொரி இட வேண்டிய அண்ணன் நான், கடல் தாண்டி இருக்கிறேன்.

முதல்நாள் மாலை ஊரில் ரிசப்ஷன். அன்று வெள்ளிக்கிழமை, எங்களுக்கு விடுமுறை. அறையில் இருந்தால் அழுதுகொண்டே இருப்பேன் என்று சீனியர் என்னை மலைப்பக்கம் காரில் கூட்டிப்போனார். வழியில் டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்றில்லை. உதவி தேடிப் பக்கத்துக் கிராமத்துக்கு நடந்த எங்கள் உள்ளூர் டிரைவர், நாலு பேரோடு திரும்பி வந்தார். அங்கே ஒரு கல்யாணமாம். ஒருவர் டயரைக் கழற்றிக்கொண்டு போக, மற்றவர்கள் எங்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்விட்டார்கள்.

பச்சைப் புல்வெளியில் ஊரே கூடியிருந்தது. ஜிகினா மின்னும் நீள உடையில் பெண்கள், இடுப்பில் துணி சுற்றிய ஆண்கள். பெரிய மேளம், கூடவே நம் நாயனத்துக்குத் தம்பி மாதிரி ஒரு குழல். சுண்டுவிரல்களைக் கோத்துக்கொண்டு, தோள் குலுங்க, ஒரே வரிசையாக ஆடினார்கள். எங்களை உட்கார வைத்து, திராட்சை இலையில் சுருட்டிய சோறு, ஆட்டுக்கறி, உப்பு மோர் என்று தட்டு காலியாகவே விடவில்லை.

அப்போதுதான் தங்கையின் வீடியோ கால் வந்தது. மேடையில் அவளைப் பார்த்ததும் எனக்கு அடக்க முடியவில்லை, அழுதுவிட்டேன். அந்தக் கிராமத்து மணப்பெண்ணின் அண்ணன் பதறிப்போய் டிரைவரிடம் விசாரித்தார். விஷயம் தெரிந்ததும் மேளத்தை நிறுத்தச் சொன்னார். என் போனை வாங்கித் தங்கையைக் கூட்டத்துக்கே காட்டினார். பெண்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு குலவை போட்டார்கள் பாருங்கள், அப்படியே நம் ஊர்க் குலவை! பிறகு, வரிசையில் முதலாக நிற்பவர் சுழற்றும் கைக்குட்டையை என் கையில் கொடுத்து, என்னை முன்னால் நிறுத்திவிட்டார்.

எனக்கு ஆடவே தெரியாது. கைக்குட்டையோடு அப்படியே நின்றேன்.

"இன்னாடா பார்த்துக்கினு நிக்கிறே? உன் தங்கச்சி கல்யாணம்டா, ஆடு!" என்று என் போனை வாங்கிப் பிடித்திருந்த சீனியர் கத்தினார்.

ஆடினேன். பக்கத்தில் ஆடிய அந்த அண்ணனின் காலை நாலைந்து முறை மிதித்திருப்பேன். அவர் சிரித்துக்கொண்டே என் விரலை இன்னும் இறுக்கிப் பிடித்தார். போனிலிருந்து, "அண்ணே, இன்னாண்ணே இது, நீயா ஆடிக்கினு கீறே!" என்று தங்கை கூவினாள். பக்கத்தில் அம்மா. நான் வர முடியாது என்று தெரிந்ததிலிருந்து சிரிக்காதவள், மண்டபத்தில் எல்லோருக்கும் என்னைக் காட்டிக் காட்டிச் சிரித்தாள்.

டயர் எப்போதோ தயாராகிவிட்டது. எங்களுக்குத்தான் கிளம்ப மனமில்லை.

அந்த அண்ணனின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஆனால் எங்கள் தொழிற்பேட்டையில் பண்டிகை நாளில் யாராவது ஒரு வெளிமாநிலத் தொழிலாளி, சொந்த ஊர் முகங்களைப் போனில் பார்த்தபடி தனியாக நின்றால், வீட்டுக்குச் சாப்பிட அழைக்காமல் இன்றுவரை என்னால் கடந்து போக முடிந்ததில்லை.