நான் நீக்கிய ஃபாண்ட்

பிள்ளைகளே, நான் கொடைக்கானலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். கடைக் கணினியில் ஓடுவது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். ஒருநாள் காலையில், இடத்தை அடைக்கிறதே என்று, எனக்குத் தெரியாத ஃபாண்டுகளை, அதாவது எழுத்துருக்களை, எல்லாம் நீக்கினேன்.

மதியம் பக்கத்து மலைக்கிராமமான போளூரிலிருந்து ஒரு அம்மா பென் டிரைவோடு வந்தார். ஊருக்கு பஸ் கேட்டு அவர் மகள் டைப் செய்த மனு அதில் இருந்தது. மூன்று மணிக்குள் அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். திறந்தால், தமிழுக்குப் பதில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

"தப்பா டைப் பண்ணிருக்காங்கம்மா" என்றேன்.

அவர் மகளுக்குப் போன் போட்டார். "ஏன்டி, ஒரு சோலியக்கூட ஒழுங்காச் செய்ய மாட்டியா?" அந்தப் பக்கம் அழுகை கேட்டது.

அப்போதுதான் காலையில் நீக்கியது நினைவுக்கு வந்தது. டைப் செய்த ஃபாண்ட் கணினியில் இல்லாவிட்டால் தமிழ் இப்படித்தான் ஆங்கில எழுத்தாகத் தெரியும். கணினியின் குப்பைத்தொட்டியில் கிடந்த ஃபாண்டுகளை மீட்டு, பழைய ஃபோல்டரில் போட்டேன். மனு தமிழில் தெரிந்தது.

"வந்துருச்சே! எப்படிண்ணே?"

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்த அழுகை விடவில்லை.

"பிள்ள மேல தப்பில்லம்மா. காலையில நாந்தான் ஃபாண்ட அழிச்சிட்டேன்."

"நல்லாருக்கு உங்க நாயம்! இந்தாங்க, நீங்களே அவகிட்டச் சொல்லுங்க."

போனை வாங்கிச் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பிரிண்ட் எடுத்தாச்சா மாமா? வெரசா குடுங்க, மணியாச்சு" என்றாள்.

நீக்கிய ஃபாண்டுகளைத் திரும்பப் போட இரண்டு நிமிடம்தான் ஆனது. அவள் வாங்கிய திட்டை என்னால் நீக்க முடியவில்லை.