கேட்காரர் வீட்டுக் கேட்

கிளட்ச் அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஆனால் இருபத்திரண்டு வருடமாகக் காரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "கிளட்ச்! கிளட்ச்!" என்று தொண்டை கிழியக் கத்துகிற டிரைவிங் ஸ்கூல் டீச்சரை ஊர் வேறு எப்படிக் கூப்பிடும்? அவள் சொல்லிக்கொடுத்து லைசென்ஸ் வாங்கியவர்கள் அந்தப் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் இருப்பார்கள். அவளைத் தூரத்தில் பார்த்தாலே அவர்கள் இடது கால் தானாக ஒரு மிதி மிதிக்கும்.

அவளிடம் சில சட்டங்கள் உண்டு. வண்டி அரை நிமிடத்துக்கு மேல் நின்றால் எஞ்சினை அணைக்க வேண்டும். வண்டி போய்ச் சேர வேண்டிய இடத்தில் நிற்கும்வரை யாரும் சீட் பெல்ட்டில் கை வைக்கக் கூடாது. இதெல்லாம் மாணவர்களுக்கு மட்டுமில்லை, அவளுக்கும்தான். மாலையில் வீட்டு வாசலுக்கு வந்தால் எஞ்சினை அணைப்பாள், ஹாரனை இரண்டு முறை அடிப்பாள், காத்திருப்பாள். உள்ளேயிருந்து அவள் வீட்டுக்காரர் வந்து இரும்புக் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்துவிடுவார். அதன் பிறகு மறுபடி ஸ்டார்ட் செய்து உள்ளே போவாள்.

வீட்டுக்காரரும் லேசுப்பட்ட ஆளில்லை. முப்பத்தொரு வருடம் ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் கேட்காரர். "ஒரு ரயிலக்கூட ஒரு நிமிஷம் காக்க வச்சதில்ல" என்பதை வாரத்துக்கு மூன்று முறையாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. பெண்டாட்டியின் ஹாரனும் அவருக்கு ஒரு சிக்னல்தான். கேட்டால் எழுந்துவிடுவார். மழையா வெயிலா என்று பார்க்கிற வழக்கமே இல்லை.

அப்படி எழுந்து ஓடிவந்துதான் நாலு மாதத்துக்கு முன்னால், வழுக்குகிற ஈரத்தில், வாசல் சரிவில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து டாக்டர் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவ விழுந்தார்னா மறுபடி நடக்க வைக்க எங்களால முடியாதும்மா" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கவலைதான். இந்த மனிதர் வாசலுக்கு ஓடக் கூடாது.

அவரிடம் சொல்லிப் பார்த்தாள். கெஞ்சினாள், சத்தம் போட்டாள். "நான் என்ன ஓடவா செய்றேன்? வாக்கர் வச்சு நடந்துதானே வர்றேன்" என்பார். ஹாரனே அடிப்பதில்லை என்று முடிவு செய்தாள். இருபது வருடப் பழக்கம் விடுமா? எஞ்சினை அணைத்த அடுத்த நொடியில் கை தன்பாட்டுக்குப் போய் ஹாரனை அமுக்கிவிடும். கேமராவும் அலாரமும் மாட்டுகிற தொழில் செய்யும் அவள் தம்பி, கேட்டுக்கு மோட்டார் வைத்து ரிமோட் ஒன்று கொடுத்தான். அது பாதி நாள் ஆபீஸ் மேஜையில் கிடந்தது, மீதி நாள் கைப்பையின் அடியில் கிடந்தது. அதைத் தேடி எடுப்பதற்குள் ஹாரனும் அடித்தாகிவிடும், உள்ளே வாக்கரின் டக் டக் சத்தமும் கேட்க ஆரம்பித்துவிடும்.

"அக்கா, உன் கை எதையும் செய்யக் கூடாது. உன் காரே வீட்டுக்கிட்ட பேசணும்" என்றான் தம்பி.

"கார் பேசுமா?"

"பேச வைக்கிறேன் பாரு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிதாக ஒரு கறுப்புப் பெட்டியோடு வந்தான். ஸ்டியரிங்குக்குக் கீழே, மெக்கானிக்குகள் கம்ப்யூட்டரைச் செருகிப் பார்க்கிற துளையில் அதைச் செருகினான். கார் எங்கே இருக்கிறது, எஞ்சின் ஓடுகிறதா நின்றதா என்பதையெல்லாம் அது வீட்டுக்குச் சொல்லும். வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இன்னொரு பெட்டி. கேட் மோட்டார், ஹால் விளக்கு, வெந்நீர்க் கெட்டில், ஒரு ஸ்பீக்கர் எல்லாம் அதன் பேச்சைக் கேட்கும். திறந்த கேட் கொஞ்ச நேரத்தில் தானே மூடிக்கொள்ளும்.

"தெருவுக்குள்ள நுழைஞ்சாலே திறக்கிற மாதிரி வைக்கட்டுமா?"

"ஐயோ வேணாம்டா. ஸ்டூடன்ட்ஸோட இந்தப் பக்கம் நாள் முழுக்கச் சுத்திட்டு இருப்பேன். ஒவ்வொரு தடவையும் திறந்துடும்."

தம்பி கொஞ்சம் யோசித்தான். பிறகு விரலைச் சொடுக்கினான். "வீட்டுக்குக் கிட்ட வந்து எஞ்சின் நின்னாத்தான் திறக்கும். நீதான் வாசல்ல வந்து அணைப்பியே! உன் கை ஹாரனுக்குப் போறதுக்குள்ள கேட் நகர ஆரம்பிச்சிடும்."

அக்காவுக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பகல் ஒரு மணிக்கு முதல் சோதனை. காரைத் தெரு முனைவரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, வாசலில் நிறுத்தி, சாவியைத் திருகினாள். கேட் ஒரு கனைப்புக் கனைத்தது. இரண்டு கதவும் பிரிந்து, மெதுவாக, ஆனால் நிற்காமல் உள்ளே போயின. ஹாலில் விளக்கு எரிந்தது. உள்ளேயிருந்து தம்பி பதிவு செய்து வைத்த குரல், "அக்கா வந்தாச்சு! அக்கா வந்தாச்சு!" என்று கூவியது. அக்கா காருக்குள்ளேயே கையைத் தட்டினாள். ஐம்பதை நெருங்குகிற வயதில் அப்படிக் குதிக்கலாமா என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை. இறங்கி, ஏறி, இன்னும் நாலு முறை செய்து பார்த்தாள். ஐந்தாவது தடவை கெட்டிலில் தண்ணீர் பொங்கி வழிந்தது.

கேட்காரர் சோபாவில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"மாமா, எப்படி?" என்றான் தம்பி, வாயெல்லாம் பல்லாக.

"மெஷின நம்பிக் கேட்ட விடக் கூடாதுப்பா. ஒரு வாரம் பாக்கறேன். ஒரு தப்பு இல்லாம ஏழு நாள் திறந்துச்சுன்னா நான் வாசப்பக்கமே வரல. ஒரு தப்பு நடந்தாலும் பெட்டியைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடணும்."

"சரிங்க மாமா!"

"சரிங்க!" என்றாள் அக்காவும், அவசரமாக, அவர் மனம் மாறுவதற்குள்.

கேட்காரர் அலமாரியிலிருந்து ஒரு பழைய டைரியை எடுத்துவரச் சொன்னார். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, நேரம், வந்த வண்டி, திறந்தவர். வேலையில் இருந்தபோது எழுதிய அதே ரிஜிஸ்டர், அதே கையெழுத்து.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அக்காவின் முதல் மாணவி பல் டாக்டரம்மா. அடுத்தவர் வாயில் ஊசி போடும்போது கை நடுங்காத அந்த அம்மாவுக்கு, ஸ்டியரிங்கைப் பிடித்தால் முழங்கால் வரை நடுங்கும். அன்றைக்கு மேட்டில் வண்டி எடுக்கிற பாடம். அந்த வட்டாரத்தில் நல்ல மேடு ஒன்றே ஒன்றுதான். அக்காவின் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, தெரு முனையில்.

"கிளட்ச்ச மெதுவா விடுங்க... மெதுவா... ஐயோ!"

எஞ்சின் செத்தது. மறுபடி ஸ்டார்ட். மறுபடி செத்தது. பத்தரை மணிவரை இதே கதை. அக்கா வியர்த்து விறுவிறுத்துப் போய் ஒரு வாய் தண்ணீர் குடிக்கும்போது போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"ஏம்மா, நீ எங்க இருக்கே?"

"கிளாஸ்லங்க. ஏன்?"

"இல்ல, காலையிலருந்து நீ பதினோரு தடவ வந்துட்டே. அதான் கேட்டேன்."

அக்காவுக்கு ஒரு நொடி ஒன்றும் புரியவில்லை. அடுத்த நொடியில் எல்லாம் புரிந்தது. தலையில் அடித்துக்கொண்டாள். எஞ்சின் நிற்பது என்றால் அக்கா நிறுத்துவது என்று தம்பி நினைத்துவிட்டான். அவனுக்கென்ன தெரியும் பாவம்? ஆனால் ஒரு நாளைக்கு அறுபது முறை எஞ்சின் செத்துப்போவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள் அவள். அவளுக்குத் தோன்றாமல் போனதே!

"நீங்க எழுந்திருக்கலையே?" என்று பதறினாள்.

"திறந்த கேட்டப் போய்ப் பாக்காம எப்படிம்மா விடறது? பதினோரு தடவையும் போய்ப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

பதினோரு முறை! வாசல்வரை, சரிவுவரை! அவர் ஓடக் கூடாது என்று வாங்கிய மெஷின் அவரை ஒரே காலையில் ஒரு மாத நடை நடக்க வைத்துவிட்டது. பல் டாக்டரம்மா, "என்னாலதான் ஏதோ ஆச்சா டீச்சர்?" என்று கேட்டார். "உங்க பேர்ல தப்பில்லம்மா, எங்க வீட்டுக் கேட்டுக்கு உங்கள ரொம்பப் பிடிச்சுப் போச்சு" என்றாள் அக்கா.

மத்தியானம் வீட்டுக்குப் போனால் டைரி டீபாய் மேல் விரிந்து கிடந்தது. பதினோரு வரி. எல்லாவற்றிலும் ‘வந்த வண்டி’ என்ற இடத்தில் ‘இல்லை’. ‘திறந்தவர்’ என்ற இடத்தில் ‘பெட்டி’. கேட்காரர் அதை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அந்தப் பதினோரு வரிதான் அக்காவுக்குத் தாங்கவில்லை. சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். மூவரும் உட்கார்ந்தார்கள். மாணவன் அணைக்கிறானா அக்கா அணைக்கிறாளா என்று காருக்கு எப்படித் தெரியும்? நேரத்தை வைத்தால் ஆகாது, ஆறு மணிக்கும் கிளாஸ் உண்டு. தம்பி நகத்தைக் கடித்தான். அக்கா கண்ணை மூடிக்கொண்டு தன் ஒரு நாளை முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். கதவைத் திறக்கிறேன், உட்காருகிறேன், பெல்ட்டைப் போடுகிறேன்...

"டேய்!" அவள் போட்ட சத்தத்தில் தம்பி எழுந்தே நின்றுவிட்டான். "கிளாஸ் எடுக்கும்போது நான் எங்கடா உக்காருவேன்? பக்கத்து சீட்ல! பெல்ட் போட்டுக்கிட்டு! வீட்டுக்குத் தனியா வரும்போது அந்த சீட்டு காலி!"

"பக்கத்து சீட் பெல்ட் மாட்டியிருந்தா திறக்கக் கூடாது! அக்கா, நீ எங்கயோ போயிட்டே!"

இரண்டு பேரும் காருக்கு ஓடினார்கள். பெல்ட் மாட்டியிருக்கிறதா என்பதும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குத் தெரிகிறது என்று தம்பி கண்டுபிடித்தபோது அக்கா அவன் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். சந்தோஷத்தில்தான்.

கேட்காரரிடம் போய் நின்றாள். "இன்னிக்கு நடந்தது பெட்டியோட தப்பில்லங்க, என் தப்பு. நாளையிலருந்து ஏழு நாள் எண்ணுங்க. ஒரே ஒரு சான்ஸ்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். கண் சிவந்திருந்ததையும் பார்த்திருப்பார். டைரியில் ஒரு புதுப் பக்கம் புரட்டினார்.

செவ்வாய்க்கிழமை பல் டாக்டரம்மா ஒன்பது முறை எஞ்சினைச் சாகடித்தார். கேட் அசையவில்லை. மாலையில் அக்கா தனியாக வந்து சாவியைத் திருகினாள். கேட் திறந்தது. புதன், வியாழன், அதே. வெள்ளிக்கிழமை கொட்டுகிற மழை. அக்கா கண்ணாடி வழியே வாசலைப் பார்த்தபடி சாவியைத் திருகினாள். ஈரச் சரிவில் ஒருவருமில்லை, கேட் மட்டும் திறந்துகொண்டிருந்தது. அந்த ஒரு காட்சிக்கே அவளுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. சனி, ஞாயிறும் தாண்டின. டைரியில் ஒவ்வொரு நாளும் ‘பெட்டி’, ‘பெட்டி’ என்று எழுத்து மட்டும் சிறிதாகிக்கொண்டே வந்தது. அதைக் கவனிக்கிற நிலையில் அக்கா இல்லை. அவள் கால் தரையில் பாவவில்லை.

ஏழாவது நாள் திங்கட்கிழமை. அன்றைக்குத்தான் டாக்டர் கேட்காரரை வந்து காட்டச் சொல்லியிருந்தார். அக்கா கிளாஸுக்கு லீவு விட்டு அவரைத் தானே ஓட்டிப் போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, எலும்பு நன்றாகச் சேர்ந்து வருகிறது, விழாமல் இருந்தால் போதும் என்றார். திரும்பி வரும் வழி முழுக்க அக்கா ஏதேதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டே ஓட்டினாள். வாசலில் நிறுத்தினாள். பக்கத்தில் திரும்பி, "ஏழாவது நாள், நல்லாப் பாத்துக்கோங்க!" என்று சொல்லிச் சாவியைத் திருகினாள்.

கேட் அசையவில்லை.

ஐந்து நொடி பார்த்தாள். பத்து நொடி பார்த்தாள். ஸ்டார்ட் செய்து மறுபடி அணைத்தாள். ஒன்றுமில்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. ஆறு நாள், ஒரு தப்பில்லாமல் ஆறு நாள்! இன்றைக்கென்று பார்த்து, இவர் கண் முன்னாலேயே! அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

கேட்காரர் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. அவள் முகத்தைப் பார்த்தார். "விடும்மா. இதுக்குப் போய்... நான் இறங்கித் திறக்கறேன்" என்று சொல்லிப் பெல்ட்டைக் கழற்றக் கையைக் கொண்டுபோனார்.

"இறங்காதீங்க! ஐயோ, அந்தச் சரிவுல..."

டக்கென்று பெல்ட் கழன்றது.

கேட் கனைத்தது. இரண்டு கதவும் பிரிந்து உள்ளே போயின. வீட்டுக்குள்ளிருந்து, "அக்கா வந்தாச்சு! அக்கா வந்தாச்சு!" என்று குரல் கூவியது.

கதவுப் பிடியில் வைத்த கை வைத்தபடியே கேட்காரர் உட்கார்ந்திருந்தார். கேட்டைப் பார்த்தார். தொங்குகிற பெல்ட்டைப் பார்த்தார். மறுபடி கேட்டைப் பார்த்தார். வாரம் முழுக்கச் சிரிக்காத அந்த மனிதரின் முகம் மெல்ல மெல்ல விரிந்தது.

"அப்போ... இத நான் கழட்டினாத்தான் அது திறக்குமா?"

"ஆமாங்க. நீங்க பக்கத்துல இருந்தா, நீங்க விட்டாத்தான் திறக்கும்."

"சிக்னல் என் கையில!" என்று அவர் தொடையைத் தட்டிச் சிரித்த சிரிப்பை அக்கா ஆபரேஷனுக்குப் பிறகு கேட்டதே இல்லை. அவளும் சிரித்தாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

உள்ளே போனதும் தம்பிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"அடடா, மாமா அந்த சீட்ல உக்காருவார்னு நான் யோசிக்கவே இல்லக்கா. தப்புதான். சாயங்காலம் வந்து அரை மணி நேரத்துல சரி பண்ணிடறேன்."

அக்கா டீபாயைப் பார்த்தாள். கேட்காரர் அன்றைய வரியை எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடிக்கொண்டிருந்தார். வந்த வண்டி: நம்முடையது. திறந்தவர் என்ற இடத்தில், கோட்டைத் தாண்டுகிற பெரிய எழுத்தில்: ‘நான். உட்கார்ந்தபடியே.’

"அந்தப் பெட்டியில கை வச்சே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள் அக்கா.