நல்லதம்பியின் வண்டிக்குக் கொடுத்த பெரிய டர்போ

சகாயராணி குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். கடை வைத்திருப்பது துவாக்குடியில். பெருமாள் ஊரில் வாடகைக்கு இருக்கும் கத்தோலிக்கர் என்பதில் அவருக்கோ வீட்டுக்கார மாமிக்கோ சங்கடம் ஏதும் இருந்ததில்லை. சுவரில் தொங்கும் மாதா படத்தை மாமி கண்டுகொள்வதில்லை. சாயங்காலம் அவரோடு வீட்டுக்குள் நுழையும் டீசல் வாடைதான் மாமியைக் கொஞ்சம் உறுத்தும்.

சகாயராணி மெக்கானிக்கல் டிப்ளமோ படித்து, கொதிகலன் பாகங்கள் செய்யும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் இருந்தவர். ஆர்டர் வற்றி அது பூட்டப்பட்டபோது, கணவர் ராஜ்மோகன் மளிகைக் கடை வைக்கச் சொன்னார். "விக்கலைன்னா நாமளே சாப்பிட்டுக்கலாம் பாரு" என்பது அவர் நியாயம். சகாயராணி சாப்பிட முடியாத பொருளைத் தேர்ந்தெடுத்தார். டர்போ கடை வைத்தார்.

டர்போ என்றால் என்ன என்று கேட்பவருக்கு அவர் சலிக்காமல் சொல்வார்: "இன்ஜின் வேண்டாம்னு வெளிய தள்ளுற புகை இருக்குல்லங்க, அதை வெச்சு ஒரு சக்கரத்தைச் சுத்த விடுறோம். அதே தண்டுல அந்தப் பக்கம் இன்னொரு சக்கரம். அது காத்தை இழுத்து இன்ஜினுக்குள்ள அமுக்கும். காத்து கூடுனா டீசலைக் கூட்டி எரிக்கலாம், இழுவை கூடும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் இல்லை. அளவு என்று ஒன்று இருக்கிறது. பெரிய டர்போவைச் சுழற்ற நிறையப் புகை வேண்டும். நெடுஞ்சாலையில் ஒரே ஓட்டமாக ஓடும் லாரிக்கு அது பொருந்தும். நின்று நின்று மலையேறும் வண்டிக்குச் சின்னதுதான் சரி. இன்ஜின் மெதுவாக ஓடும்போதே அது சட்டென்று சுழன்று கைகொடுக்கும். ஆனால் சின்னதை எடுத்து மேஜையில் வைத்தால் வாடிக்கையாளர் முகம், தன்னையே யாரோ சின்ன ஆள் என்று சொன்னதுபோல் ஆகிவிடும். அவரை உட்காரவைத்து மனதை மாற்றி அனுப்புவதில் சகாயராணிக்கு ஒரு பெருமை இருந்தது. ஒரே ஒருவர் விஷயத்தில் அதைச் செய்யவில்லை.

அவர் துறையூர் நல்லதம்பி. பச்சமலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கை இறக்கும் சரக்கு வேன் வைத்திருந்தார். பழைய டர்போ எண்ணெய் கக்கிச் செத்துப்போயிருந்தது. வரும் வெள்ளிக்கிழமை சமயபுரத்தில் வண்டிக்குப் பூஜை, அதற்குள் வேண்டும். அவருக்கு ஏற்ற சின்னது சென்னையிலிருந்து வந்தால்தான் உண்டு. ஏதோ ஒரு லாரிக்காக வாங்கி, லாரிக்காரர் திரும்பி வராததால் அலமாரியில் தூசி படிந்துகொண்டிருந்தது ஒரு பெரியது. நல்லதம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நல்லா இழுக்குமாங்க்கா?"

"இழுக்கும்" என்றார் சகாயராணி. எப்போது இழுக்கும் என்று அவர் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. மாட்டிக் கொடுத்து, ஒரு புத்திமதியும் சொல்லி அனுப்பினார்: முறுக்கி ஓட்டிவிட்டு உடனே இன்ஜினை நிறுத்தக் கூடாது, கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் சூட்டோடு சுழலும் தண்டுக்கு எண்ணெய் கிடைக்காமல் போய்விடும்.

சமயபுரத்தில் வண்டிப் பூஜை எப்படி நடக்கும் என்று சகாயராணிக்குத் தெரியாதா? சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பூசாரி கற்பூரம் காட்டும்போது ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை அழுத்தி இன்ஜினை உறுமவிடுவார். எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். உடனே சாவியைத் திருப்பிவிட்டு இறங்கி விழுந்து கும்பிடுவார். அம்மனைக் காக்கவைத்து யார் இன்ஜினை ஆறவிடுவார்கள்? நல்லதம்பியும் அப்படியே செய்தார்.

அடுத்த வாரம் மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவில், மேலே போய்க்கொண்டிருந்த பஸ் நின்றதால் வேனும் நின்றது. மறுபடி கிளம்ப ஆக்ஸிலேட்டரை மிதித்தார். கரும்புகை வந்தது, இழுவை வரவில்லை. இன்ஜின் அணைந்து, வேன் பின்னால் உருண்டு பாறையில் மோதி நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி வீராயிக்கு வலது மணிக்கட்டு முறிந்தது.

நல்லதம்பி டர்போவைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். சகாயராணி பிரித்துப் பார்த்தார். தண்டில் ஆட்டமில்லை, பேரிங்கில் ஒரு கீறல்கூட இல்லை. பழுதாகியிருக்கக் கூடாதா என்று ஒரு கணம் அவருக்கு ஆசையாக இருந்தது. பழுதே இல்லை. அளவுதான் தப்பு.

"பூஜையில ஏத்து ஏத்துன்னு ஏத்திட்டு, பட்டுனு ஆஃப் பண்ணிட்டேங்க்கா. அதனாலதானா?" என்றார் நல்லதம்பி.

"அப்படிப் பண்ணக் கூடாதுன்னு சொல்லித்தானே அனுப்பினேன்?"

அந்த வாக்கியத்தில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய் சொல்வதற்கு அதுவே வசதியாகவும் இருந்தது.

சென்னையிலிருந்து சின்னதை வரவழைத்து, காசு வாங்காமல் மாட்டிக் கொடுத்தார். அதுதான் வினை. தப்பு தன்னுடையதாக இருந்தும் புது டர்போ கொடுத்த தங்கமான மனுஷி என்று நல்லதம்பி துறையூர் வேன் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லிவைத்தார். சில மாதங்களில் வியாபாரம் பெருகியது. வருகிற ஒவ்வொருவரும் கும்பிட்டுக்கொண்டே வந்தார்.

"ஊருல தப்பு பண்ணவன் ஒளிஞ்சுக்குவான். நீ ரெண்டாவது அலமாரி வாங்குற" என்றார் ராஜ்மோகன். வீட்டில் அவரிடம் மட்டும் சகாயராணி உண்மையைச் சொல்லியிருந்தார். அது தனித் தப்பு.

கடைசியில், சாமியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்துக்குச் சர்ச்சுக்குப் போனார்.

"பெரிய டர்போ குடுத்துட்டேன் சாமி."

தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் கேட்டார்: "திருடிக் குடுத்தீங்களாம்மா?"

விளக்கினார். புகை, சக்கரம், காற்று, வளைவு, மணிக்கட்டு. சாமியார் பொறுமையாகக் கேட்டார். "உங்க தப்பை அந்த ஆளு சுமந்துக்கிட்டுத் திரியுறாரு. அவர்கிட்ட சொல்லாம என்கிட்ட சொல்லி என்னம்மா செய்ய?" என்றார். கொஞ்சம் ஜெபங்களும் சொல்லச் சொன்னார். ஜெபங்களைச் சகாயராணி அன்றே முடித்துவிட்டார்.

மற்றதற்கு நல்லதம்பியே வழி செய்தார். மஞ்சள் வேட்டியில் கடைக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை தீச்சட்டி எடுப்பதாகச் சொன்னார். "ஆத்தா முன்னாடி பவுசு காட்டப் போயி வீராயி கையை ஒடச்சுட்டேன். ஆத்தாகிட்ட ஒத்துக்கிட்டாத்தான் மனசு ஆறும்."

தப்பே செய்யாதவர் நெருப்பைக் கையில் ஏந்தப் போகிறார். சகாயராணி சனிக்கிழமை முழுக்கச் சாப்பிடவில்லை. சர்ச்சில் ஞாயிறு காலைப் பூசையைக்கூட விட்டுவிட்டுச் சமயபுரம் பஸ்ஸில் ஏறினார்.

கடைத்தெரு முனையில் இருவரையும் கண்டுபிடித்தார். சட்டி தயாராக இருந்தது, இன்னும் மூட்டவில்லை. வேப்பிலையும் விறகுத் துண்டுகளும் கற்பூரமும் திணித்த பையை வீராயி இடது கையில் பிடித்திருந்தார்.

"தம்பி, நீங்க ஆஃப் பண்ணதுல டர்போவுக்கு ஒண்ணுமே ஆகலை. பிரிச்சப்பவே தெரியும். உங்க வண்டிக்குப் பெருசு ஆகாது. தெரிஞ்சேதான் குடுத்தேன். சட்டி எடுக்க வேண்டியவரு நீங்க இல்லை."

வீராயிதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப இத்தினி மாசமா இந்த மனுசன நான் வைஞ்சதெல்லாம்?"

நல்லதம்பிக்குக் கோபம் வந்தது. டர்போவுக்காக அல்ல. "ஏங்க்கா, ஆத்தாகிட்ட என் தப்புதான்னு சொல்லி, வேண்டி, காப்புக் கட்டி, எல்லாம் முடிச்சுட்டேன். இப்ப வந்து இல்லைங்கறீங்க. கட்டுன காப்ப அவுக்கவா? அவ என்ன நெனப்பா என்னை?"

"உங்களுக்குக் கை சுடுமேன்னு…"

"சுடட்டும். நீங்க ஒதுங்குங்க."

சட்டியை மூட்டி ஏந்தினார். மேளம் கிளம்பியது. சகாயராணி நின்ற இடத்திலேயே நின்றார். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்றுதான் வந்திருந்தார். இறங்கவில்லை, மன்னிப்பைக்கூட யாரும் மறுக்கவில்லை, அந்தப் பேச்சே எழவில்லை.

நாலடி போன வீராயி திரும்பி வந்தார். வலது மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினார். எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடியிருந்தது.

"மழை பேஞ்சா இன்னும் வலிக்குது. இவரு சட்டி எடுத்து இவரு கணக்கத் தீர்த்துக்குறாரு. நீங்க சொல்லிட்டுப் பஸ் ஏறிருவீங்க. எனக்கு?"

வீராயி பையைச் சகாயராணியின் பக்கம் நீட்டினார்.

"நின்னுட்டே இருந்தா? பையப் புடிங்க. இந்தக் கையை வெச்சுக்கிட்டு அம்புட்டுத் தூரம் தூக்கிட்டு நடக்க முடியாது. தீ அணையாம, விறகு எடுத்துக் குடுத்துட்டே வரணும்."

தோளில் ஏற்றியபோது பை கனமாகத்தான் இருந்தது. வேப்பிலை கழுத்தில் உரச, சகாயராணி புகையின் பின்னால் நடந்தார்.