தோள் இல்லாத மாதா

அன்றைக்குக் கோயிலுக்குள் இருந்தவர்கள் அம்மா, பெரியம்மா, சின்ன மாமா, நான், பூ வைக்க வந்த ஐரிஷ்காரக் கிழவி, கடைசியாக வந்த சுவாமி. அப்பா வெளியே காரில் இருந்தார். அவரையும் சேர்ப்பதா என்று இதை எழுதத் தொடங்கியதிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். நிறுத்தக்கூடாத இடத்தில் காரை நிறுத்திவிட்டு, ஃபைன் எழுதுகிறவன் வருகிறானா என்று கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தவர் உள்ளே நடந்த எதையும் காணவில்லை. ஆகவே ஆறு பேர்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் வீட்டில் சேர்ச்சைக் கோயில் என்றும் ஃபாதரைச் சுவாமி என்றும்தான் சொல்வோம். சிட்னியில் மெரிலேண்ட்ஸ் பக்கம் இருந்த அந்தக் கோயிலை ஒரு காலத்தில் அயர்லாந்திலிருந்து வந்தவர்கள் தங்கள் ஊரில் இருப்பதைப் போலவே கட்டியிருந்தார்கள். உச்சி கூரான ஜன்னல்கள், ஒன்றில் பாம்புகளை விரட்டும் அவர்கள் நாட்டுப் புனிதர் பத்திரிசியார், வரிசையாக உட்காரக் கறுத்த மர வாங்குகள், முழந்தாளில் இருந்து நற்கருணை வாங்குவதற்குப் பளிங்கில் ஒரு நீளக் கிராதி. மூலையில் நீலக் கச்சை கட்டிய மாதா. யாழ்ப்பாணத்தில் பழகிய கோயிலை யாரோ பெயர்த்துக்கொண்டு வந்து வைத்ததுபோல இருக்கிறது என்று அம்மா சொல்வார்.

அந்த மாதாவிடம்தான் அம்மா நேர்த்தி வைத்திருந்தார். கொழும்பில் பொலிஸ்காரர் பிடித்துக்கொண்டு போன சின்ன மாமா உயிரோடு சிட்னிக்கு வந்து சேர்ந்தால் பட்டுச்சேலை சாத்துகிறேன் என்று. ஊரில் மாதாவுக்குச் சேலை சாத்துவது பெரிய விஷயமே இல்லை. மாமா வந்துவிட்டார். இங்கேயே தங்குவதற்கான விசா மட்டும் முடிவாகவில்லை. சொன்னபடி சேலையைச் சாத்தி, அது மாதாவின் மேல் ஒரு பூசையாவது காணாவிட்டால் மாமாவைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று அம்மா நம்பினார். அம்மா நம்பியதை நான் இரட்டிப்பாக நம்பினேன். சாப்பிடும்போதுகூட மாமா தன் கதிரையில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

கோயிலைத் திருத்துகிறோம் என்று மாதக்கணக்காகப் பூட்டி வைத்திருந்தார்கள். பூசை பள்ளிக்கூட ஹோலில் நடந்தது. திரும்பத் திறந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாமாவைக் கூட்டிவர ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தோம். அதனால் அடுத்த சனிக்கிழமை பின்னேரம் சேலைப் பையோடு கதவைத் தள்ளியபோது எங்களுக்கு ஒன்றும் தெரியாது.

வாங்குகளைக் காணோம். கிராதியைக் காணோம். பீடம் நடுவுக்கு வந்திருந்தது, அதைச் சுற்றி வட்டமாகக் கதிரைகள். கீழே சாம்பல் நிறக் கம்பளம், சுற்றிவர வெள்ளைச் சுவர். பத்திரிசியாரை மட்டும் ஜன்னலில் விட்டுவைத்திருந்தார்கள்.

பெரியம்மா ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "என்னடி இது, பூசை பாக்கிறதோ, சர்க்கஸ் பாக்கிறதோ?"

அம்மா காதில் வாங்கவில்லை. நேரே மூலைக்குப் போனார். அங்கே நீலக் கச்சை மாதா இல்லை. ஆளுயரத்தில் செதுக்கிய ஒற்றை மரக்கட்டை நின்றது. கை இல்லை, தோள் இல்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வழுவழுப்பாக ஒரு சரிவு, நெஞ்சுக்குக் கீழே ஒரு குழி. அடியில் மேரி என்று இருந்ததை வாசித்துச் சொன்னேன்.

"வடிவாப் பார். வேற ஏதும் எழுதியிருக்கும்" என்றார் அம்மா.

பூக்கிழவி வாளியோடு வந்தாள். அம்மாவுக்கு ஆங்கிலம் மட்டுமட்டு என்பதால் மாதா எங்கே என்று கேட்டது நான். பழைய மாதாவைக் கீழே இறக்கும்போது துண்டு துண்டாக உடைந்துபோய்விட்டது என்றாள். இந்தப் பலகைக்குத் தன் கையால் ஒரு பூவும் வைக்கப்போவதில்லை என்றும் சொன்னாள். நான் தமிழில் சொன்னதும் அம்மா கதிரையில் இருந்துவிட்டார். பிறகு எழும்பிச் சேலையை விரித்தார்.

"மாதா எண்டு எழுதியிருக்குதெல்லோ. அதுவே காணும்."

தோள் இல்லாத ஒருவருக்குச் சேலை கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்பதை அன்றைக்குப் பார்த்தேன். கொசுவத்தைப் பிடித்தால் முந்தானை வழுகியது. முந்தானையைப் பிடித்தால் எல்லாமே கம்பளத்தில் கிடந்தது. ஊசி குத்த மரம் இடம் கொடுக்கவில்லை. "ஆருக்கடி இது தெரியும், எந்தப் பக்கம் முன்பக்கமெண்டு?" என்று பெரியம்மா சலித்துக்கொண்டார். கடைசியில் மாமா தன் பெல்ற்றைக் கழற்றி இடுப்பு மாதிரி இருந்த இடத்தில் இறுக்கினார். சேலை நின்றது. மாமா ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்தபடி நின்றார்.

"அக்கா, கெதியா ஜெபத்தைச் சொல்லு. இது கழண்டு விழுந்தா இண்டைக்கே பிளேன் ஏத்திப்போடுவாங்கள்."

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளேன் என்ற சொல்லைக் கேட்டதும் மாமாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். பூக்கிழவி சிவப்புப் பட்டுச் சேலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு வாளியிலிருந்து லில்லிப் பூக்களை எடுத்து அதன் காலடியில் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்துச் சுவாமி வந்தார். அவரும் அயர்லாந்துக்காரர்தான். கோயிலை மாற்றியது முழுக்க அவருடைய வேலை. தன் நாட்டிலும் இப்போது வட்டமாகத்தான் கட்டுகிறார்கள், ஒருவர் முதுகை ஒருவர் பார்க்காமல் ஒரு குடும்பம் மேசையைச் சுற்றி இருப்பதுபோல இருக்கவேண்டும் என்று பள்ளிக்கூட ஹோலில் பிரசங்கம் வைத்தவர்; அது எங்கள் கோயிலைப் பற்றியது என்று நாங்கள் நினைக்கவில்லை.

அவர் சேலையைப் பார்த்தார், பெல்ற்றைப் பார்த்தார், மாமாவின் கையைப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். அம்மா என் தோளைக் கிள்ளினார். நான் நேர்த்தியையும் மாமாவையும் விசாவையும் ஒரே மூச்சில் சொல்லி, நாளைக்கு ஒரு பூசைக்கு மட்டும் கழற்றாமல் விடுவீர்களா என்று கேட்டேன்.

அவர் எழுந்து உள்ளே போனார். கத்தரிக்கோல் எடுத்து வரத்தான் போகிறார் என்று நினைத்தேன். வந்தபோது கையில் பூசைக்கு அவர் இடுப்பில் கட்டும் வெள்ளைக் கயிறு இருந்தது. பெல்ற்றைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தார். கயிற்றைச் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டார்.

"ஒரு பூசை எதற்கு? இவர் விசா வரும்வரைக்கும் இருக்கட்டும்" என்றார்.

அம்மா அழுதுகொண்டு அவர் கையைப் பிடித்தார். அவர் சிரித்தார். பிறகு பட்டு மூடாமல் விட்ட முதுகுப் பக்கத்து மரத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிவிட்டுப் போனார். தூசி தட்டுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

விசா வர எட்டு மாதம் எடுத்தது. அதுவரையும் அந்த மாதா பட்டோடுதான் நின்றார். ஐரிஷ்காரக் கிழவிகளும் மெழுகுதிரி கொளுத்தத் தொடங்கினார்கள். மாமா இப்போது குவேக்கர்ஸ் ஹில்லில் வீடு வாங்கி, மூன்று பிள்ளைகளோடு இருக்கிறார்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் பூக்கிழவியை ஸ்டேஷனில் கண்டேன். கோயில் கணக்கையும் அந்நாளில் அவள்தான் எழுதியவளாம். அந்த மரத்தை அயர்லாந்தில் ஒரு சிற்பியிடம் சொல்லிச் செய்வித்தது சுவாமி. வந்து இறங்கியதும், இந்தப் பலகைக்கு ஒரு சதமும் தரமாட்டோம் என்று கோயில் கொமிட்டி கைவிரித்துவிட்டது. அவர் தன் கைச்செலவுக் காசில் மாதாமாதம் கட்டிக்கொண்டிருந்தாராம். தான் விரும்பிச் செய்வித்ததை ஒரு சேலைக்குள் மறைத்துத் தன் கயிற்றாலேயே கட்டிய அந்தப் பின்னேரம், அதற்காக அவர் இன்னும் கொடுக்கவேண்டியிருந்தது ஆயிரத்து எண்ணூறு டொலர்.