மாடி ரூமில் முத்துச்செல்வி

பென்னலூரில் அருள்பாண்டி ஒரு தும்மல் போட்டால் செம்பரம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் நெட் நின்றுபோகும். சரி, ஏரிக்கரை நான் சேர்த்துக்கொண்டது. அவன் இருந்த மாடி ரூமோடு நிறுத்திக்கொள்வோம். ஆனால் அந்த ஒரு ரூமுக்குள் அவன் ஓர் ஆபீஸையே கட்டி வைத்திருந்தான் என்பதில் சொட்டுப் பொய் கிடையாது.

கோவில்பட்டிப் பக்கத்துப் பையன். டிப்ளமோ முடித்த கையோடு இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து, கார்க் கதவுக்கு வெல்டிங் வைக்கும் லைனில் கான்ட்ராக்டில் நின்றான். நின்றான் என்றால் நின்றான்தான், ஷிப்ட் முழுக்க உட்கார இடம் கிடையாது. உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று கிடைத்துவிட்டால் போதும் என்பதுதான் அவன் ஆசை. அதற்காகப் பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, அதன் வயிற்றுக்குள்ளேயே இன்னும் இரண்டு கம்ப்யூட்டர்களை உண்டாக்கினான். கையால் தொட முடியாது, திரையில் மட்டும் உயிரோடிருக்கும். ஒன்று உள்ளே உட்கார்ந்திருப்பவள். இன்னொருத்தி வாசலில் நின்று யார் வரலாம், யார் போகலாம் என்று பார்ப்பவள். உள்ளே இருப்பவளுக்கு இன்டர்நெட் வேண்டுமானால் வாசல்காரியைத் தாண்டித்தான் போகவேண்டும்.

'அவள்' என்று சொல்லக் காரணம் உண்டு. அவன் லைனில் ரோபோக்களுக்குப் பெண்பெயர் வைப்பார்கள். "மல்லிகா இன்னிக்கு மக்கர் பண்றா" என்று சூப்பர்வைசரே சொல்லுவார். அந்தப் பழக்கத்தில் உள்ளே இருப்பவளுக்குக் கோவிந்தம்மா என்றும் வாசல்காரிக்கு முத்துச்செல்வி என்றும் பெயர் வைத்தான். இருவரில் வீட்டு வைஃபை பெட்டிக்கு முகமும் பெயரும் காட்டுகிறவள் முத்துச்செல்வி மட்டும்.

வீடு மரகதம் அக்காவுடையது. கீழே அவர் குடும்பம், மாடியில் அருள்பாண்டியும் அவன் ஊர்க்காரன் கோமதிநாயகமும். நெட் கீழேயிருந்து ஒரு ஒயரில் மேலே வரும், வாடகையில் சேர்த்தி. அக்கா போட்ட சட்டம் ஒன்றே ஒன்று: பேச்சுலர் ரூமுக்குப் பொம்பளை வரக்கூடாது.

ஒரகடத்தில் ஒரு கம்பெனி, நெட்வொர்க் வேலைக்கு ஒரே ஓர் ஆள் எடுத்தது. இரண்டு பேரும் எழுதிப்போட்டார்கள். கோமதிநாயகத்துக்கு இந்த வித்தையை அ, ஆவிலிருந்து சொல்லிக்கொடுத்தவன் அருள்பாண்டி. முத்துச்செல்வியையும் கோவிந்தம்மாவையும் நகலெடுத்து அவன் லேப்டாப்பில் போட்டும் கொடுத்தான். "யாருக்குக் கெடச்சாலும் ஒண்ணுதானல" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் தேர்வு, அவரவர் கட்டிய நெட்வொர்க்கை ஓட்டிக் காட்டவேண்டும். "ஒரே ஒயர்ல ரெண்டு பேரும் இழுத்தா ஸ்லோவாயிரும்லா. நீ இங்கன இருந்து செய்யி. நான் இருங்காட்டுக்கோட்டையில மச்சான் ரூமுக்குப் போறேன்" என்று கோமதிநாயகம் காலையிலேயே லேப்டாப்போடு கிளம்பிவிட்டான். அருள்பாண்டிக்குக் கண் கலங்காத குறை.

தேர்வு வைத்த ரஞ்சனி மேடம் நல்லவிதமாகத்தான் பேசினார். "உள்ள இருக்கிற மெஷின்லேர்ந்து ஏதாவது ஒரு வெப்சைட் திறந்து காட்டுங்க."

திறக்கவில்லை.

நேற்று மதியம் வரை ஓடியது. கோவிந்தம்மா கூப்பிட்டால் முத்துச்செல்வி பதில் சொல்கிறாள். முத்துச்செல்வி கூப்பிட்டால் கீழே இருக்கும் வைஃபை பெட்டியும் பதில் சொல்கிறது. அதைத் தாண்டி ஓரடி நகரவில்லை. ஆனால் இரண்டு பேரையும் சுமக்கும் கம்ப்யூட்டரில் நெட் ஜம்மென்று ஓடுகிறது, அதில்தானே மேடத்தின் முகமே தெரிகிறது!

தப்பு தன்னுடையதாகத்தான் இருக்கும் என்று அவன் முடிவுகட்டிவிட்டான். முத்துச்செல்விக்கு எழுதிவைத்த விதிகளைத் தளர்த்தினான், பிறகு இறுக்கினான், பிறகு அழித்தான். ஒழுங்காக இருந்ததையெல்லாம் தன் கையாலேயே கலைத்தான்.

"பரவாயில்ல அருள்பாண்டி. டைம் முடிஞ்சுது."

திரையில் மேடம் மறைந்த பிறகுதான் மூளை வேலை செய்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க்கில் ஓர் அடையாள எண் உண்டு. கலைத்த விதிகளைப் பழையபடி எழுதிவைத்து, முத்துச்செல்வியின் எண்ணை மட்டும் மாற்றி எழுப்பிப் பார்த்தான். கோவிந்தம்மா அந்த நிமிஷமே வெப்சைட்டைத் திறந்து காட்டினாள். அப்படியானால் பழுது மேலே இல்லை. கீழே யாரோ அவள் ஒருத்தியை மட்டும் பார்த்து அடைத்திருக்கிறார்கள்.

படியிறங்கினான். அக்கா வாசலிலேயே நின்றார்.

"வாப்பா, நானே வரணும்னு இருந்தேன். இன்னா நெனச்சிக்கினு கீற? யாரு அந்த முத்துச்செல்வி?"

"அக்கா, அது பொம்பள இல்ல. மெஷினு."

"ஆமா, நான் ஏரோப்ளேனு. என் போன்லயே, வைஃபை ஆப்புல பேரு கீது பாரு. பகலு ராத்திரின்னு வூட்டு நெட்ட இழுத்துக்கினு கீறா. நேத்து சாயங்காலமே பிளாக் பண்ணிட்டேன், நெட்டு இல்லன்னா தானா கெளம்பிடுவான்னு. உன் கூட்டாளிக்கும் தெரிஞ்ச விஷயம்தானே?"

கடைசி வார்த்தை அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. அக்காவை மாடிக்கு அழைத்துப்போய்த் திரையைக் காட்டினான். அக்கா திரையைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியிலும் ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். பரீட்சை போன கதையைக் கேட்டதும் சிரிப்பு நின்றது. "அய்யோ, நான்தான் கெடுத்தேனா?"

அப்போது கோமதிநாயகம் படியேறி வந்தான். மலர்ந்த முகம். அவன் லேப்டாப்பிலிருந்த முத்துச்செல்வி ஒரு குறையும் வைக்கவில்லை என்று அந்த முகமே சொன்னது. ரூமில் அக்காவைப் பார்த்ததும் சட்டென்று வாடிப்போனது.

அக்கா அடைத்தது கோமதிநாயகத்துக்கு முன்பே தெரியும். முத்துச்செல்வி யார் என்று இந்த உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அருள்பாண்டி மனசுக்குள் தேடித் தேடி, இருப்பதிலேயே வலி குறைந்த ஒரு காரணத்தை எடுத்தான்.

"ஏம்ல மூஞ்சத் தொங்கப்போடுத? அக்கா வந்து கேட்டிருப்பாவ. ரூம் போயிருமோன்னு பயந்து வாயத் தொறக்காம இருந்துட்ட. அவ்வளவுதானல? விடு."

கோமதிநாயகம் ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"இருப்பா, தப்பா சொல்ற" என்றார் மரகதம் அக்கா. "நான் எங்க அவனக் கேட்டேன்? எனக்கு அந்த ஆப்ப தொறக்கவே தெரியாது. அவனே வந்து, மாடில ஒரு பொண்ணு கீதுக்கான்னு சொல்லி, என் போன வாங்கி, பேரக் காட்டி, எங்க அமுக்கணும்னும் சொல்லிக்குடுத்துட்டுப் போனான்."