திருவான்மியூரில் விட்ட ஐந்து கிலோமீட்டர்

நான் இருக்கும் தான்சானியச் சிற்றூரில் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்கிறவனை யாரும் சும்மா கடந்து போவதில்லை. நின்று, முகத்தைப் பார்த்து, “போலே” என்பார்கள். நீ படுகிற பாட்டுக்கு என் வருத்தம் என்று அர்த்தம். அதோடு சரி, கை கொடுக்க மாட்டார்கள். போன புதிதில் அரிசி ஆலையில் ஒரு மோட்டாரைத் தனியாகப் புரட்டிக்கொண்டிருந்தேன். நான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக நின்று போலே சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்கள். மேற்கு மாம்பலத்தில் வளர்ந்தவனுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா? எங்கள் தெருவில் ஒரு ஸ்கூட்டர் நின்றுவிட்டால் கேட்காமலேயே மூன்று பேர் உதைத்துப் பார்ப்பார்கள், நான்காவது ஆள் பெட்ரோல் மூடியைத் திறந்து எட்டிப் பார்ப்பார். அந்தச் சொல் எனக்குப் பிடிபட வருஷங்கள் ஆயின. உன் வேலை உன்னுடையது, அதைப் பிடுங்கமாட்டேன், ஆனால் நீ படுவதைப் பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். மனுஷனுக்கு அதுவும் வேண்டித்தான் இருக்கிறது.

சென்ற விடுமுறையில் கன்னியாகுமரியிலிருந்து மயிலாப்பூர் குளம் வரை சைக்கிள் மிதித்தேன், பத்து நாள். எங்கள் தான்சானிய ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகளின் படிப்புக்காகச் சென்னை நண்பர்கள் ஏற்பாடு செய்த பயணம் அது. மிதிக்கிற ஒவ்வொருவர் பேரிலும் ஒரு பிள்ளை. முழுத் தூரத்தையும் தன் காலாலேயே கடந்தால் அந்தப் பிள்ளையின் விடுதிப் படிப்பை ஒருவர் ஏற்றுக்கொள்வார். நடுவில் வண்டி ஏறினால் கிடையாது. மேற்பார்வைக்கு யாரும் இல்லை. அட்டையில் நாமே கையெழுத்துப் போட வேண்டியதுதான். என் பேரில் இருந்தவள் அடுத்த வீட்டு நீமா. ஏழாம் வகுப்பு முடித்தவள். அடுத்த பள்ளிக்கூடம் நடக்கிற தூரத்தில் இல்லை, விடுதி கிடைக்காவிட்டால் படிப்பு அத்தோடு நின்றுவிடும். கிளம்புகிற அன்று அவள் அம்மா ஒரு மஞ்சள் பூத்துணியை என் பைமேல் சுற்றிக் கட்டினாள். ஓரமெல்லாம் எங்கள் ஊர்ச் செம்மண். அந்தப் பையைத்தான் பத்து நாளும் சைக்கிளின் பின் கேரியரில் வைத்திருந்தேன்.

கடைசி நாள் காலை, திருவான்மியூர் சிக்னலில் வலது முழங்கால் மறுத்துவிட்டது. வேகத்தில் முன்னே போய்விட்ட கூட்டம் கண்ணில் இல்லை. ஓரமாக நின்று காலை நீவிக்கொண்டிருந்தேன். பின்னால் ஓர் ஆட்டோ உரசினாற்போல் வந்து நின்றது.

“இன்னா நைனா, இந்த வயசுல ஹெல்மெட்டு, அரை டிராயரு! முட்டி பூட்சா?”

“கொஞ்சம் வலிக்குதுப்பா.”

“ஹேண்டில கெட்டியா புட்ச்சிக்கோ. குந்து.”

நான் வாயைத் திறப்பதற்குள் ஆட்டோக்காரர் இடது காலை வெளியே நீட்டி, செருப்போடு அந்தப் பையில் வைத்து ஓர் அழுத்து அழுத்தினார். சென்னையில் வண்டி நின்றுபோனவனை இன்னொருவன் காலால் தள்ளிக்கொண்டு போவதை எத்தனை முறை பார்த்திருப்பேன்! சைக்கிள் நகர்ந்தது. பத்து நாளில் முதல்முறையாக என் கால்கள் சும்மா இருந்தன. அடையாறு மரங்கள் தாமாகவே பின்னால் போயின. பூக்கடை, டீக்கடை, பஸ்ஸுக்கு நிற்கிற முகங்கள், எல்லாம் தண்ணீருக்கடியில் பார்ப்பதுபோல் மெல்ல மெல்ல. அப்பா பின்னால் பிடித்துக்கொண்டே ஓடிவர, நான் சைக்கிள் பழகிய மாம்பலத்துச் சந்து அந்தச் சாலைக்குள் எப்படியோ வந்து கலந்துவிட்டது. ஊர் என்னைத் தூக்கிக்கொண்டு போகிறது, நான் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று இருந்தது. இருபது வருஷம் கழித்து வந்தவனுக்கு அந்த சுகம் போதும்.

மந்தைவெளி வரும்போதுதான் விழித்தேன்.

“நிறுத்துப்பா! திரும்பிப் போகணும்.”

“இன்னாத்த வுட்டுட்ட? பர்ஸா?”

“இல்ல. அஞ்சு கிலோமீட்டர.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார். நீமாவைப் பற்றிச் சொன்னேன், அட்டையைக் காட்டினேன்.

“நான் யாராண்ட சொல்லப் போறேன்? கையெழுத்தப் போட்டுக்கினு போ நைனா.”

நல்ல மனசோடுதான் சொன்னார். குளம் கூப்பிடுதூரம். பேனா சட்டைப்பையில். நீமா என்னிடம் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் எங்கள் ஊரில் போலே சொல்கிறவர்கள், பட்ட பாட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள். படாத பாட்டுக்கு அதை வாங்கிக்கொண்டு அந்த வீட்டு வாசலை நான் எப்படித் தினமும் கடப்பது?

சைக்கிளை ஆட்டோவில் பாதி உள்ளே, பாதி வெளியே திணித்துக்கொண்டு திருவான்மியூருக்கே போனோம். வழியில் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொடுத்தேன். “தள்ள மாட்டாங்களா? வெறும் வாயாலயே பேசிப்பாங்களா? இன்னா ஊருய்யா அது!” என்று சிரித்தார். நான் மறுபடி மிதிக்க ஆரம்பித்ததும், சவாரியை விட்டுவிட்டு, பஸ்கள் என்மேல் ஏறாதபடி பின்னாலேயே ஊர்ந்துவந்தார். அவர் கால் மட்டும் சும்மா இருக்க முடியாமல் வெளியே வந்து வந்து உள்ளே போனது. அடையாறு பாலத்தின் ஏற்றத்தில் முழங்கால் தீயாய் எரிந்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“போலே நைனா! போலே!”

வலப்புறம் ஆறு கடலைப் பார்த்து விரிந்து கிடந்தது. சின்ன வயதில், இந்தக் கடலைத் தாண்டினால் ஆப்பிரிக்கா என்று நினைத்திருந்தேன். ஆனால் இந்தக் கடலைப் பார்த்து நிற்கிறவனுக்கு அது முதுகுப்பக்கம் இருக்கிறது. தான்சானியாவின் தார் எஸ் சலாம் கரையிலும் சூரியன் கடலிலிருந்துதான் எழும்புகிறது. அங்கே நின்று ஊரை நினைக்கிறவன் சென்னையின் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

குளக்கரையில் கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்துதான்.

நீமா விடுதிக்குக் கிளம்பிய காலையில் அதே மஞ்சள் துணியைத் தன் பெட்டிமேல் கட்டியிருந்தாள். அவள் அம்மா துவைத்துப் பார்த்தும் செம்மண்ணின்மேல் பதிந்த செருப்புத் தடம் போகவில்லை. பெட்டி பஸ்ஸின் கூரைக்குப் போனது. பஸ் ஒருமுறை உறுமி, சேற்றில் தயங்கி நின்றது. என்னையறியாமல் என் இடது கால் முன்னே நீண்டது.

நீமாவின் அம்மா என் காலைப் பார்த்தாள். முழங்கால்தான் இன்னும் வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, “போலே” என்றாள்.