மாத்திரைக்கு வெள்ளிக்கிழமை தெரியாது

முதலில் என் கை நடுங்கியது. பிறகு ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வியர்த்தது. வாய்திறந்து ஜெபிக்கப் பார்த்தேன், நாக்கு குழறியது. அப்படியே பாயில் சரிந்தேன். யாரும் தூக்கவில்லை. பரிசுத்த ஆவியானவர் என்மேல் வந்துவிட்டார் என்று நம்பிய பெண்கள், என் காலைச் சேலையால் மூடிவிட்டு இன்னும் உரக்க ஸ்தோத்திரம் சொன்னார்கள்.

ஆந்திர எல்லையில், சத்தியவேட்டில் எங்கள் சபையில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம். சாயங்காலம்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் ஒரு வெள்ளியும் தவறியதில்லை. பக்கத்து ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. வார விடுமுறையைக்கூடக் கெஞ்சி வெள்ளிக்கிழமைக்கு மாற்றி வாங்கியிருந்தேன்.

அந்த வாரம்தான் எனக்குச் சர்க்கரை நோய் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள். மாத்திரையை விடக்கூடாது என்றார்கள், விடவில்லை. உபவாசத்தையும் விடவில்லை. இரண்டு பக்கமும் நல்ல பிள்ளையாக இருக்கப் பார்த்தேன்.

வெளியே ஆட்டோவில் காத்திருந்த என் கணவர் தேவராஜ், சத்தம் கேட்டுச் செருப்போடு உள்ளே வந்துவிட்டார்.

"இன்னாமே, கண்ண தொற" என்று என் கன்னத்தில் தட்டினாராம்.

பாஸ்டரின் மனைவியை நாங்கள் 'அம்மகாரு' என்போம். அவர் தடுத்திருக்கிறார். "தொடாத தேவராஜு, அபிஷேகத்துல கீறா."

"ஒடம்பு ஜில்லுனு கீது அம்மகாரு. அபிஷேகம் ஜில்லுனா வரும்?" என்று கேட்டுவிட்டு என்னைத் தூக்கிக்கொண்டு போனார். ஊர் ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாகக் குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் விழித்தேன்.

மறுநாள் திருப்பதியில் பெரிய ஆஸ்பத்திரி. நீண்ட நடைக்கூடத்தில், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கு நடுவே முக்காட்டோடு உட்கார்ந்திருந்தேன். டாக்டரம்மா சொன்ன பெயர் ஹைப்போகிளைசீமியா (இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைந்துபோவது).

"மாத்திரை போட்டுக்கினு இன்னா சாப்ட்ட?"

"ஒண்ணுமில்ல மேடம். உபவாசம்."

பேனாவைக் கீழே வைத்தார். "ஜெபம் பண்ணும்மா, வேணான்னு சொல்லல. ஆனா இன்னிக்கு சுக்ரவாரம்னு மாத்திரைக்குத் தெரியாது. அது அது வேலையப் பாக்கும். இன்னும் கொஞ்ச நேரம் உட்டிருந்தா நீ எழுந்தே இருக்க மாட்ட."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. வீட்டில் எல்லாரும் தின்ற பிறகு சட்டியைச் சுரண்டுகிறவள் நான். கம்பெனியில் வேலை நிற்கக் கூடாதென்று சாப்பாட்டைத் தள்ளிப்போடுகிறவள் நான். சபையில் தின்னாமலே இருப்பவள். போன இடத்திலெல்லாம் என் பசியைக் கொடுத்துத்தான் நல்ல பேர் வாங்கியிருக்கிறேன். போதும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை, ஷிப்டுக்குப் போகும் முன், காலை ஆராதனையில் அம்மகாரு மைக்கை நீட்டினார். "ரூத்தம்மா, ஆண்டவரு உன்ன தொட்டத சாட்சியா சொல்லு."

அபிஷேகம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், என்னைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்கள்.

"எனுக்கு சக்கர எறங்கிப்போச்சி" என்றேன். "துன்னாம மாத்திர போட்டுக்கினேன். ஆண்டவருதான் காப்பாத்துனாரு, நெசம். எங்க வூட்டுக்காரு ஆட்டோவ வெச்சி, நர்சம்மா ஊசிய வெச்சி காப்பாத்துனாரு."

ஒரு ஆமென்கூட வரவில்லை.

அடுத்த வெள்ளி டப்பாவில் இட்லியோடு போனேன். வேளை வந்ததும் பாயிலேயே திறந்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"விசுவாசம் கொறஞ்சிபோச்சா, ரூத்தம்மா?" என்று அம்மகாரு கேட்டார்.

"ஆண்டவரே அப்பம் பிட்டுக் குடுத்தவரு. நான் ரெண்டு இட்லி துன்னா கோச்சிக்குவாரா?"

அதன்பின் பல வாரம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. வலித்தது. வீட்டுக்கு வந்து அழுதிருக்கிறேன். ஆனாலும் போனேன். அது என் சபை. இட்லிக்காக நான் சபையை விடமாட்டேன், சபைக்காக இட்லியையும் விடமாட்டேன்.

ஒரு வெள்ளி, என் எதிர்ப்பின் ஆவி போகட்டும் என்று அம்மகாரு என் தலைமேல் கைவைத்து ஜெபித்தார். அந்தக் கை நடுங்கியது. வியர்வை என் முக்காட்டைத் தாண்டி உச்சியில் ஈரமாகப் பட்டது. சுற்றிலும் பாட்டும் ஸ்தோத்திரமும் உயர்ந்தன. எனக்கு அந்த நடுக்கம் தெரியும். எழுந்து, அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"பாட்ட நிறுத்துங்க" என்று கத்தினேன். என் பையில் எப்போதும் இருக்கும் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். நினைவு இருந்ததால் குடித்தார்.

"நானும் மாத்திர போடறேன்" என்றார் மெதுவாக. "ரொம்ப நாளா."

எனக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "மொதல்ல துன்னுங்க அம்மகாரு. பிசாச அப்பறமா ஓட்டலாம்" என்று டப்பாவை அவர் மடியில் வைத்தேன்.

இதைப் படிக்கிற சகோதரிக்கு: உபவாசம் இருப்பாயா என்று டாக்டர் கேட்கக் காத்திருக்காதே, நீயே சொல். பையில் சர்க்கரை வைத்திரு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதே, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு.

முன்பெல்லாம் ஷிப்டுக்கும் அடுப்புக்கும் சபைக்கும் போக மிஞ்சியதுதான் என் நேரம். இப்போது என் உடம்பு மணி சொல்கிறது, மற்றதெல்லாம் அதைக் கேட்டு நடக்கிறது. இந்த உடம்பை ஆண்டவருடைய ஆலயம் என்று சின்ன வயதிலிருந்தே பாடியிருக்கிறேன். ஆலயத்துக்கு விளக்கேற்ற எண்ணெய் வேண்டும் என்பது இப்போதுதான் உறைத்தது.

வெள்ளிக்கிழமைகளில் ஜெபத்துக்கு நடுவே என் டப்பாவைத் திறக்கிறேன். முன்னால், எல்லாரும் பார்க்க, அம்மகாருவும் தன் டப்பாவைத் திறக்கிறார். கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் தின்கிறோம்.